வீரையன் மாஸ்டரின் அசையாப் பயிற்சி

வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. அங்கே என்ன வேலை பார்த்தாய் என்பதுதான் அது. எந்த ஊர், எத்தனை வருஷம், வெயில் எப்படி, ஒட்டகக் கறி தின்றாயா என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வேலையை மட்டும் கேட்க மாட்டோம், அது மரியாதையில்லை. அவனாக ஒரு வார்த்தை சொல்வான். அந்த வார்த்தையோடு நாற்காலி, ஏசி அறை, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் ஆட்கள் எல்லாம் சேர்த்து நாங்களே ஒரு உத்தியோகத்தைச் செய்து கொடுத்துவிடுவோம். கீழ்வேளூரிலிருந்து ஓடம்போக்கி ஆற்றைத் தாண்டினால் வருகிற எங்கள் ஊரில் இப்படித் தயாரான இன்ஜினியர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போடவும் வரும்.

வீரையன் சொன்ன வார்த்தை 'சீலிங்'. தொண்ணூற்று மூன்றில் சார்ஜா போனவன் இரண்டாயிரத்தில் திரும்பினான். அத்தர், டார்ச் லைட், தடிமனான கம்பளி எல்லாம் கொண்டுவந்தான். எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டோம். என் உரக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, சீலிங் செக்ஷனில் இருந்ததாகச் சொன்னான். மறுநாள் காலைக்குள் ஊர் அவனை ஃபோர்மேன் ஆக்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் அவனுக்குக் கீழே ஐம்பது பேர் வேலை பார்த்தார்கள். அவன் மனைவி ராஜாத்திக்கே இந்தப் பதவி உயர்வு தெருக்குழாயடியில்தான் தெரிந்தது.

உண்மை வேறு. பின்னாளில் அவனே எனக்குச் சொன்னது. கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் பொய்க்கூரை போடுகிற கம்பெனி அது. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஏணியில் ஏறி நின்று பலகையைத் திருகாணியால் முடுக்குவார். முடுக்கி முடிக்கும்வரை அந்தப் பலகையைக் கீழே நின்று ஒருவன் இரண்டு கையாலும் தலையாலும் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். அந்த ஒருவன்தான் நம் வீரையன். ஒரு பலகை முடிந்தால் அடுத்தது. ஏழு வருஷம் அவன் எதையும் தூக்கவில்லை, இறக்கவில்லை, பூட்டவில்லை, கழற்றவில்லை. பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான் உத்தியோகம்.

அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் தேகப்பயிற்சிப் பைத்தியம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பத்திரிகையைக் காட்டி, நீ நாள் பூராவும் செய்கிறாயே, இதற்கு ஐசோமெட்ரிக் என்று பெயர், இதைச் செய்வதற்காக ஊரில் பணக்காரர்கள் ஆள் வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள் என்றாராம். அவர் கேலியாகச் சொன்னாரோ, ஆறுதலுக்குச் சொன்னாரோ தெரியாது. வீரையன் அதை உபதேசமாக வாங்கிக்கொண்டான். தான் செய்கிற வேலைக்கு இவ்வளவு பெரிய பெயர் இருக்கிறது என்று கேள்விப்பட்ட மனிதன் அப்புறம் சும்மா இருப்பானா?

ஊருக்கு வந்ததும் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையைப் பெருக்கி, 'வீரையன் ஐசோமெட்ரிக் உடற்பயிற்சி நிலையம்' என்று போர்டு மாட்டினான். படம் வரைய வந்த பெயின்டர் வழக்கம்போல ஆஞ்சநேயர் மலையைத் தூக்கிக்கொண்டு பறப்பதாகப் போடப் போனார். பறக்கக் கூடாது, நிற்கணும் என்று வீரையன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அதனால் எங்கள் ஊர் ஆஞ்சநேயர் மலையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார்.

உள்ளே கருவி என்று ஒன்றும் கிடையாது. நான்கு சுவர், நடுவில் ஒரு தூண், தூணில் ஒரு வடக்கயிறு. சுவரில் முதுகை ஒட்டி, இல்லாத நாற்காலியில் உட்கார வேண்டும். உட்கார்ந்து அப்படியே இருக்க வேண்டும். முழங்கையைத் தரையில் ஊன்றி உடம்பை நீட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். அசையாத சுவரைத் தள்ள வேண்டும், வராத தூணை இழுக்க வேண்டும். தூக்கி இறக்குவது மூட்டைக்காரன் வேலை, தூக்கினதை நிறுத்துவதுதான் பலம் என்பது அவன் வேதம். மூச்சை மட்டும் அடக்காதே என்று தலைப்பாடாக அடித்துக்கொள்வான். கேட்காமல் அடக்கிய ஒருவன் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்ச் சாய்ந்துவிட்டான். அன்றிலிருந்து எல்லோரும் ஒன்று, இரண்டு என்று சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. தெருவில் போகிறவர்களுக்கு அது பள்ளிக்கூடம் மாதிரி கேட்கும்.

நானும் போனேன். மறைப்பானேன், முழங்கால் வலி. மூன்று மாதம் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்ததில் வலி பாதியாகக் குறைந்தது. கடைப்படியைப் பிடித்துக்கொள்ளாமல் ஏற முடிந்தது. ஆகவே அந்தப் பயிற்சியில் ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு ஆகாது. அதில்தான் எல்லாமும் இருக்கிறது என்று சொன்னாலும் ஆகாது. ஊரில் இந்த இரண்டு கட்சிக்காரர்களும் என் கடைப் பெஞ்சில்தான் உட்கார்ந்து சண்டை போடுவார்கள், ஒருவனும் ஒரு கிலோ யூரியா வாங்க மாட்டான்.

முதல் இரண்டு வருஷம் வீரையனுக்குச் சிஷ்யர்களுக்குக் குறைவில்லை. காரணம் மேட்டூரில் தண்ணீர் இல்லை. குறுவை போயிற்று, சம்பாவும் தலையைச் சாய்த்தது. வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. பையன்களுக்கு வயலில் வேலை இல்லை, பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. எப்படியும் நிற்கத்தான் போகிறோம், அதை மாஸ்டரிடம் போய் நிற்போமே என்று போனார்கள். காவிரிப் படுகை முழுக்கவே அப்போது ஐசோமெட்ரிக்தான் செய்துகொண்டிருந்தது.

பிறகு ஜாஃபர் சாதிக் துபாயிலிருந்து வந்தான். நாகப்பட்டினம் ரோட்டில் அவன் வீட்டாருக்கு ஜவுளிக்கடை. கடை மாடியில் இயந்திரங்கள், பளபளக்கும் இரும்புத் தட்டுகள், சுவர் முழுக்கக் கண்ணாடி என்று நவீன ஜிம் ஒன்றைத் திறந்தான். நல்ல பையன், தொழில் தெரிந்தவன். ஆனால் அவனுக்கும் ஒரு வேதம் இருந்தது. தூக்கு, இறக்கு, பன்னிரண்டு தடவை செய், தண்ணீர் குடி, மறுபடி தூக்கு. அசையாதவனுக்குச் சதை வராது என்று சொல்வான். பையன்களுக்குச் சதையைவிடக் கண்ணாடி பிடித்திருந்தது. மாட்டுக் கொட்டகையில் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வழியில்லையே. ஒருவர் பின் ஒருவராக மாடிக்கு ஏறிப் போய்விட்டார்கள். வீரையனிடம் நான்கு பேர் மிஞ்சினார்கள், அதில் ஒருவனுக்கு மாடி ஏற முடியாது.

நின்று பிடிப்பதா, தூக்கி இறக்குவதா என்று என் கடையில் நடந்த வழக்கில் ஒருநாள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஒருவர் வாயைத் திறந்தார். எந்த நிலையில் நிறுத்திப் பழகுகிறோமோ அந்த நிலையில்தான் பலம் நன்றாக ஏறும், அதற்கு மேலே கீழே அவ்வளவாக ஏறாது என்றார். நிறுத்துவது மூட்டுக்கு நல்லது, தாக்குப்பிடிக்கும். தூக்குவது அசைவின் முழுநீளத்துக்கும் நல்லது. இரண்டையும் கலந்து செய்யலாமே என்று முடித்தார். இரண்டு கட்சிக்காரர்களும் அவரை ஒருசேர முறைத்தார்கள். சண்டைக்கு வந்தவனிடம் சமாதானம் சொல்கிறவனை எந்த ஊரில் மதித்தார்கள்? அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதெல்லாம் ஊருக்கு வேடிக்கை. வீரையனுக்கு அப்படியில்லை. அவன் வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது, தூண்களின் தலையில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, மேலே தளம் போடவில்லை. கீற்று வேய்ந்து குடியிருந்தார்கள். ராஜாத்தியின் தம்பி தமிழரசன் திருவாரூரில் டிராவல்ஸ் ஆபீஸ் வைத்திருந்தான். பழைய கம்பெனியே வீரையனை மறுபடி கேட்கிறது, விசா தயார் என்று செய்தி கொண்டுவந்தான். ராஜாத்தி போகத்தான் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஐம்பது பேருக்கு மேலே உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிற உத்தியோகத்தை விட்டுவிட்டு, மாட்டுக் கொட்டகையில் நான்கு பேரைச் சுவரோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கிற புருஷனை வேறு என்ன சொல்வாள்? போக மாட்டேன் என்றான் வீரையன். ஏன் என்று கேட்டாள். பதில் சொன்னால் ஃபோர்மேன் உத்தியோகம் போய்விடும்.

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஜிம்மை மேலே கொண்டுவருகிறேன், பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லி நாளைக் கடத்தினான். கடைசியில் ஒரு தவணை பேசி முடித்தார்கள். ரெங்கசாமி வீட்டுக் கல்யாணத்துக்குத் தமிழரசன் வருவான், அதற்குள் ஜிம்முக்கு ஆள் சேரவில்லையென்றால் அவனிடம் சரி என்று சொல்லிவிட வேண்டியது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீரையன் என் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தான். ஜிம்மில் இப்போது மூன்று பேர் என்றான்.

ரெங்கசாமி எங்கள் ஊர்ப் பெரிய மிராசு. மகளுக்குத் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. திங்கட்கிழமை காலையில் முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. வீட்டு வாசலிலிருந்து தெரு முனைவரை கீற்றுப் பந்தல், முகப்பில் சவுக்குக் கால் நட்டு, கால்களின் மேல் குறுக்கே கனத்த சவுக்கு மரம் ஒன்று, அதில் வாழைத்தார், சீரியல் லைட், தெர்மக்கோலில் செய்த இரண்டு யானை. ராகு காலம் ஆறு மணிக்கு முடிகிறது, முடிந்தவுடன் மாப்பிள்ளை நுழைய வேண்டும் என்று ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரமே வந்து தெரு முனையில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ராகு காலத்தில் இறங்க மாட்டார்கள்.

அப்போதுதான் ஜெனரேட்டர் ஏற்றி வந்த வண்டி பின்பக்கமாக நகர்ந்து வந்து முகப்புக் காலை இடித்தது. கால் மளுக்கென்று ஒடிந்தது. குறுக்கு மரம் யானைகளோடு கீழே இறங்க ஆரம்பித்தது. அடியில் பெஞ்சு போட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தலின் ஓரத்தில் நின்ற வீரையன் ஒரே எட்டில் உள்ளே பாய்ந்தான். தோளில் கிடந்த துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் மேலே கொடுத்து மரத்தை வாங்கினான். மரம் நின்றது. பெண்கள் எழுந்து ஓடினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் அவனைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ஊரே கைதட்டியது. பூக்கட்டின பெண்களில் ஒருத்தி கும்பிட்டாள். மிச்சமிருந்த மூன்று சிஷ்யர்களும் ஓடிவந்து முன்னால் நின்றுகொண்டு, இதுதான் ஐசோமெட்ரிக் என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார்கள். அவ்வளவோடு வேறு கால் ஒன்றைக் கொண்டுவந்து நட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

கல்யாணத்துக்கு வந்திருந்த ஜாஃபர் சாதிக் அதைத்தான் சொன்னான். பின்பக்கத்தில் சவுக்குக் கால் கிடக்கிறது, கொண்டுவரச் சொல்கிறேன் என்று கிளம்பினான். ரெங்கசாமி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். ராகு காலத்தில் பந்தக்கால் நடுவதா? நாளைக்கு என் மகள் வாழ வேண்டாமா? ஜாஃபர் சாதிக்குக்கு மேலே பேச வழியில்லை. நாம் மாற்று மதம், அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் நாம் எதற்குக் காலை நடச் சொல்லிக் கெட்ட பேர் எடுப்பது என்று ஒதுங்கினான். கால் நடுவதற்குத்தான் ராகு காலம், ஆள் நிற்பதற்கு ராகு காலம் கிடையாது என்று ரெங்கசாமியின் மைத்துனர் ஒருவர் சாஸ்திரத்தைத் தெளிவுபடுத்தினார். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. "மாஸ்டருக்கு இதெல்லாம் பயிற்சிதானே" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வீரையன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடியவில்லை, முட்டுக்கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஓடிவர மாட்டோமா? ஆனால் எப்படிச் சொல்வான்? தமிழரசன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஊர்ப் பையன்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பிடித்து நிற்பதுதான் பலம் என்று மூன்று வருஷமாகச் சொன்னவன், பிடித்து நிற்க முடியவில்லை என்று பந்தலின் நடுவில் சொன்னால் மறுநாள் கொட்டகையில் மறுபடி மாட்டைத்தான் கட்ட வேண்டும். அவன் சார்ஜாவுக்கு விமானம் ஏற வேண்டும். புலிவாலைப் பிடித்த கதைதான். கழுத்து நரம்பு புடைக்க, வாயில் எண்ணிக்கொண்டே நின்றான்.

ஆறு மணி ஆயிற்று. கால் நடலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் வேன் கதவு திறந்துவிட்டது. மாப்பிள்ளை வருகிற வழியில் குழி தோண்டுவார்களா என்று பூவம்மாள், அதாவது ரெங்கசாமியின் சம்சாரம், என்னைப் பார்த்த பார்வையில் நான் உட்கார்ந்துவிட்டேன். மேளம் கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டார் பந்தல் முகப்புவரை வந்தார்கள். வந்து நின்றுவிட்டார்கள்.

மரம் தாழ்ந்திருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். சம்பந்தி வீட்டு வாசலில் குனிந்து நுழைவதா என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார். ரெங்கசாமி வீரையனிடம் ஓடினார். மாஸ்டர், ஒரு சாண் உயர்த்துங்களேன் என்றார். அங்கேதான் டிரில் மாஸ்டர் சொன்னது பலித்தது. மடங்கிய முழங்காலில் வீரையன் மலையையே தாங்குவான். அந்த முழங்காலை நிமிர்த்த அவனால் ஆகவில்லை. ஒரு விரல்கூட மரம் எழும்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கூட்டத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஜாஃபர் சாதிக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தன் பையன்கள் இரண்டு பேரோடு உள்ளே வந்தான். மூவரும் ஒரு மூச்சில் மரத்தை ஒரு சாணுக்கு மேலேயே தூக்கினார்கள். அழகான தூக்கு, கைதட்டல் அந்தப் பக்கம் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நிமிர்ந்து நடந்தார்கள். ஆனால் ஊர்வலம் நீளம். அத்தைமார் வர வேண்டும், சீர்வரிசைத் தட்டு வர வேண்டும். ஜாஃபர் பையன்களின் கை உதற ஆரம்பித்தது. அண்ணே, ஒரு தடவை இறக்கிவிட்டுத் தூக்கலாமா, நாங்கள் செட்டு செட்டாகத்தான் பழகியிருக்கிறோம் என்று ஒருவன் ஜாஃபரிடம் கெஞ்சினான். அதற்குள் மரம் எழும்பிய தைரியத்தில் முழங்காலை நிமிர்த்திக்கொண்ட வீரையன், மறுபடி தலையைக் கொடுத்து மரத்தை வாங்கிக்கொண்டான். பையன்கள் கையை உதறிக்கொண்டு வெளியே போனார்கள்.

"அண்ணே, நானும் ஒரு பக்கம் புடிச்சிக்கிறேன்" என்று ஜாஃபர் மெல்லச் சொன்னான்.

"வேணாம் தம்பி. நீங்க போங்க."

டிரில் மாஸ்டர் பக்கத்தில் நின்றவரிடம், நான் அன்றைக்கே சொன்னேன் என்று தொடங்கினார். பக்கத்தில் நின்றவர் பன்னீர் தெளிக்கப் போய்விட்டார்.

ஒருவழியாக எல்லோரும் நுழைந்தார்கள். இப்போதாவது கால் நடலாம் என்று பார்த்தால் வீடியோக்காரர் கையைத் தூக்கினார். கேமராவில் யானைதான் விழுந்திருக்கிறது, மாப்பிள்ளை முகம் விழவில்லை, அமெரிக்காவுக்குக் கேசட் போகிறது, எல்லோரும் இன்னொரு தடவை வெளியே போய் உள்ளே வாருங்கள் என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். மாஸ்டர், நீங்கள் கொஞ்சம் சிரித்த முகமாக இருங்கள் என்று வீடியோக்காரர் கேட்டுக்கொண்டார். வீரையன் சிரிக்கப் பார்த்தான்.

ராஜாத்தி அதுவரை பின்கட்டில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்காரர் பந்தலைத் தாங்கி நிற்கிறார், வந்து பாரு என்று யாரோ பெருமையாகக் கூப்பிட்டதன் பேரில் ஆரத்தித் தட்டோடு அவளும் வெளியே வந்தாள். வந்தவள் நின்றாள். கூட்டம் பார்த்ததை அவள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். தலையில் சும்மாடு, மேலே தூக்கிய இரண்டு கை, கூரையைப் பார்த்துக் குத்திட்டு நின்ற கண், முணுமுணுவென்று எண்ணுகிற வாய். புதிதாக ஒன்றைச் செய்கிறவன் நிற்கிற மாதிரி இல்லை அது. வெகுகாலம் பழகினவன் நிற்கிற மாதிரி இருந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

தட்டைப் பூவம்மாள் கையில் கொடுத்தாள். சீரியல் லைட்காரருடைய மடக்கு ஏணி வேப்பமரத்தடியில் நின்றது. அதை இழுத்துக்கொண்டு வந்தாள், மாப்பிள்ளை வீட்டார் நடுவிலேயே. அதன் உச்சியில் இரண்டு செங்கல்லை அடுக்கினாள். மரத்தின் அடியில் அதை நகர்த்திக் கொடுத்தாள். மரம் ஏணியில் உட்கார்ந்தது. காரியம் முடிய ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் ஆகியிருக்காது.

மாப்பிள்ளை நுழைகிற நேரத்தில் கால் நடலாமா என்று ரெங்கசாமி பதறிக்கொண்டு வந்தார்.

"நட்டாத்தானே பெரியப்பா தோஷம்? ஏணியத்தானே வச்சிருக்கேன்" என்றாள்.

ரெங்கசாமி ஏணியைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்தார். சாஸ்திரத்தில் ஏணியைப் பற்றி ஒன்றும் இல்லை போலிருந்தது. அந்த ஏணி அவ்வளவு நேரமும் எங்கள் எல்லோருடைய கண் முன்னாலும்தான் நின்றது. படித்தவர், படிக்காதவர், தூக்குகிறவர், நிற்கிறவர், உரம் விற்கிறவன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்கக்கேடு.

மரம் ஏணிக்கு மாறிய பிறகும் வீரையனின் கை இறங்கவில்லை. மேலேயே நின்றது. ராஜாத்தி ஒவ்வொரு கையாகப் பிடித்து மெதுவாக மடக்கி இறக்கிவிட்டாள். சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பெஞ்சில் உட்காரவைத்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், டம்ளரைப் பிடிக்க அவனுக்கு விரல் மடங்கவில்லை. அவள்தான் வாயில் வைத்தாள்.

"சார்ஜாவுல இதத்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். அக்கம்பக்கம் கேட்காத குரலில்தான் கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"ஏழு வருஷமுமா?"

"பலகைதான். இவ்வளவு கனம் இருக்காது" என்றான். "மேலயே பாத்துக்கிட்டு நின்னேன் ராஜாத்தி. சேந்து வேலை செஞ்சவங்க ஒருத்தர் மூஞ்சியும் எனக்கு ஞாபகத்துல இல்ல."

அவள் அவன் உள்ளங்கையில் பதிந்திருந்த மரத்தின் தடத்தைக் கட்டை விரலால் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மனுஷன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல முடியாத வேலையை ஏழு வருஷம் பார்த்திருக்கிறான். நாங்கள் அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத் தமிழரசன் சந்தோஷமாக வந்து சேர்ந்தான். ஆள் சேராவிட்டால் என்ன, மச்சான் உடம்பு இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது, கம்பெனிக்காரன் பார்த்தால் விட மாட்டான், நாளைக் காலையில் பதில் சொல்ல வேண்டும் என்றான். சரி என்று சொல்லிவிடட்டுமா அக்கா என்று ராஜாத்தியிடமே கேட்டான். அதுவரை அவள்தானே போகச் சொன்னவள்.

வீரையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேசிய தவணை முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். வெளியே மாப்பிள்ளை வீட்டார் வீடியோக்காரருக்காக மூன்றாவது தடவையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

ராஜாத்தி அவன் கையை விடாமலே தம்பியைப் பார்த்தாள்.

"அவங்க கூரைய அவங்களே தாங்கிக்கட்டும்னு சொல்லிடு தம்பி."